பாதி முள்ளங்கி

எங்கள் வீட்டு முன்னறையில் ஆள் இல்லாவிட்டாலும் சிரிப்பு இருக்கும். அப்பா பல் செட் செய்பவர். சன்னலோரப் பலகையில் ஈறும் பல்லுமாகச் செட்டுகள் வரிசையாக இருக்கும்போது, உள்ளே நுழைகிறவர்களை வீடே வாயெல்லாம் பல்லாக வரவேற்பதுபோலத் தோன்றும். புதிதாக வருகிற தபால்காரர்கள் மட்டும் ஒரு அடி பின்வாங்குவார்கள்.

பல் செய்வது பெரும்பாலும் ஓசையில்லாத வேலை. மெழுகைச் செதுக்கினாலும் பல்லை அடுக்கினாலும் ஓசை வராது. கடைசியில் பாலிஷ் போடும்போதுதான் தொல்லை. மெஷின் சுற்ற ஆரம்பித்தால் தெருமுனை நாய்கூட எழுந்து உட்காரும். அதோடு ஈறு நிறத்தில் ரோஸ் தூள் பறக்கும். அது சாப்பாட்டு மேசையில் படியும், துவைத்துப் போட்ட துணியில் படியும், அண்ணன் தலையில் படியும். அண்ணன் சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறவன். கடையில் கறுப்பு பூசிக்கொண்டு வருவான், வீட்டில் ரோஸ் பூசிக்கொண்டு போவான்.

"இந்த மெஷினை எங்கயாவது கண் காணாத இடத்துல கொண்டுபோய் வைங்க" என்று அம்மா வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா ஒருநாள் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி இடம் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

"பின்னாடி சும்மாதானே கெடக்கு? சிமெண்ட் போட்டு மேல தகரம் போட்டா மெஷின் ரூம் ஆயிடும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். சமையலறைக் கதவைத் திறந்தால் தெரிகிற துண்டு நிலம் அது. ஒரு பக்கம் சுவர், எதிர்ப் பக்கம் குழாய், நடுவில் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண். முன்னறை அப்பாவின் பல்லுக்கு. நடு அறை அண்ணனின் டயருக்கும் ட்யூபுக்கும். சமையலறை எல்லாருடைய வயிற்றுக்கும். அம்மாவுக்கென்று இருந்தது அந்த மண் ஒன்றுதான்.

"அது என் தோட்டம்" என்றாள்.

"தோட்டமா? அதுல என்ன இருக்கு?"

கேட்கக் கூடாத கேள்வி. ஏனென்றால் அதில் ஒன்றும் இல்லை. அம்மா போட்ட தக்காளி முழங்கால் உயரம் வந்து மண்டையைப் போட்டது. மிளகாய் பூத்தது, காய்க்க மறந்தது. கொத்தமல்லி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தப் பேச்சு நடக்கும்போது அத்தையும் மேசையில் உட்கார்ந்திருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அடுத்த தெரு. அவள் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி தொட்டியாகக் காய்த்துத் தொங்கும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பை நிறையக் காய் கொண்டுவருவாள். காயைவிடக் கூடுதலாகப் பேச்சுக் கொண்டுவருவாள்.

"அவளைக் கொற சொல்லாதடா. சில பேருக்குக் கை ராசி அப்படி. இவ கையில பிளாஸ்டிக் பூவக் குடுத்தாக்கூட சாயங்காலத்துக்குள்ள வாடிடும்."

அண்ணன் சிரித்தான். நானும் சிரித்திருப்பேன், அம்மாவின் காது சிவந்ததைப் பார்க்காமலிருந்தால்.

"ஒரு தடவை" என்றாள் அம்மா. "ஒரே ஒரு தடவை குடுங்க. இந்த மண்ணுல வெளஞ்சது சாப்பாட்டுத் தட்டுல வரலைன்னா நானே சிமெண்ட் கொழச்சுத் தர்றேன்."

"வெளஞ்சுதா இல்லையான்னு யாரு சொல்றது? நீ ஒரு தழையக் காட்டி அறுவடைம்ப."

"அண்ணி சொல்லட்டும்."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கும் திருப்தி, சொந்த அக்கா தம்பியை விட்டுக்கொடுப்பாளா? அம்மா வேறு கணக்குப் போட்டிருந்தாள். அண்ணி எதில் பொய் சொன்னாலும் சாப்பாட்டு விஷயத்தில் சொல்ல மாட்டாள்.

"என்னம்மா போடப்போற?" என்றாள் அத்தை.

"முள்ளங்கி. செவப்பு முள்ளங்கி. ஒரு மாசத்துல வந்துடும்னு விதைக்கடைக்காரர் சொன்னாரு."

"ஒரு மாசம்தானே? போடு போடு" என்றார் அப்பா. "நான் கொத்தனார்கிட்ட அடுத்த மாசம் வரச்சொல்லிடறேன்."

மறுநாளே அம்மா, எப்போதும்போல மேலாகக் கீறாமல், மண்ணை ஆழமாகக் கொத்தினாள். முதல் கொத்திலேயே மண்வெட்டி எதிலோ பட்டு ணங்கென்றது. எடுத்துப் பார்த்தால் ஒரு தாடை. பிளாஸ்டரில் செய்தது. கொத்தக் கொத்தத் தாடைகளாக வந்தன. மேல் தாடை, கீழ்த் தாடை, பல் இருப்பது, இல்லாதது. அப்பா வேலை முடிந்த அச்சுகளைக் குப்பையில் போடச் சோம்பல்பட்டு இத்தனை வருடமாகச் சமையலறைச் சன்னல் வழியாகப் பின்பக்கம் வீசியிருக்கிறார். மழையில் புதைந்துவிட்டிருக்கின்றன.

அம்மா அப்பாவைக் கூப்பிட்டு அவற்றைக் காட்டினாள். "பாருங்க. ஊர்ல உள்ள அத்தன வாயும் இங்கதான் கெடக்கு. என் தக்காளிய யாரு தின்னாங்கன்னு இப்பத் தெரியுது."

அப்பா பல் எதையும் காட்டாமல் உள்ளே போய்விட்டார்.

தாடைகளையெல்லாம் பொறுக்கிச் சுவரோரம் குவித்துவிட்டு, மண்ணைக் கையால் நொறுக்கி, அம்மா விதை போட்டாள். நான்காவது நாளே முளை விட்டது. அன்று அம்மா குழம்பில் உப்புப் போட மறந்தாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவள் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு விதைக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு, நெருக்கமாக இருந்த நாற்றுகளைக் களைந்து மூன்றே வரிசை விட்டாள். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்றாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் சமையலறைப் படியில் உட்கார்ந்திருப்பவள். பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றபிறகு அப்பாவுக்கு நிறம் பார்த்துப் பல் பிரித்துக் கொடுப்பது என் வேலை. பல்லில் எத்தனையோ வெள்ளை உண்டு. புகை பிடிக்கிறவர் வெள்ளை, காபி குடிக்கிறவர் வெள்ளை, எதுவும் செய்யாதவர் வெள்ளை. விளக்கு வெளிச்சத்தில் அது தெரியாது, பகல் வெளிச்சம் வேண்டும். வீட்டில் பகல் நன்றாக விழுகிற இடம் அந்தப் படி. நான் அதிகம் பேச மாட்டேன் என்பதால் வீட்டில் எனக்குப் பூனை என்று பேர். படியில் ஒரு பூனை இருந்தால் யாருக்கும் அது கண்ணில் படாது.

மாதம் முடியும்போது முள்ளங்கிகள் மண்ணுக்கு மேலே தோளைக் காட்ட ஆரம்பித்தன. ரோஸ் நிறத் தோள். அம்மா கொத்துக்கரண்டியோடு குனிந்து அவற்றைத் தடவித் தடவிப் பார்ப்பாள், பிடுங்க மாட்டாள். அண்ணி வந்து பார்க்கப் பிடுங்கவேண்டும் என்று பிடிவாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வரவில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

அந்த ஒரு வாரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

முதலில் கைவைத்தவர் அப்பா. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புது செட்டை மாட்டிவிட்டு, வந்தவரைக் கொஞ்சம் பேசச்சொல்வார், சிரிக்கச்சொல்வார், கடைசியில் ஒரு கேரட்டைக் கையில் கொடுத்துக் கடிக்கச்சொல்வார். கடித்து மென்று முழுங்கினால்தான் செட் கைமாறும். திங்கட்கிழமை கண்டக்டர் வந்தார். ஓய்வுபெற்று எத்தனையோ வருடமாகியும் எல்லாருக்கும் அவர் கண்டக்டர்தான். பேச்சும் பஸ்ஸில் பேசுவதுபோலத்தான் இருக்கும். பேசினார், சிரித்தார், கடிக்கக் கை நீட்டினார். கேரட் இல்லை. அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

அப்பா பின்பக்கம் வந்தார். என்னைப் பார்க்காமல் நேராகச் சுவரோர வரிசைக்குப் போய் ஒரு முள்ளங்கியை உருவினார். உருவியபிறகுதான் தழை போன இடத்தில் ஓட்டை இருப்பது அவருக்கு உறைத்தது. ஒரு நிமிடம் யோசித்தார். மெழுகு வெட்டுகிற கத்தியைப் பையிலிருந்து எடுத்துத் தோளோடு சேர்த்துச் சீவினார். தோளையும் தழையையும் பழைய இடத்திலேயே வைத்து, கட்டைவிரலால் மண்ணை அழுத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். முன்பக்கம் அசலாக இருந்தால் போதும் என்பது அவர் தொழில். அசலாகவே இருந்தது.

திரும்பும்போது நான் கண்ணில் பட்டேன்.

"நீ எப்ப வந்த?"

நான் காலையிலிருந்து அங்கேதான் இருந்தேன். அப்பா முள்ளங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டாக வெட்டினார்.

"கடிச்சுப் பாக்க அந்தாளுக்குப் பாதி போதும். இந்தா. நீ ஒண்ணும் பாக்கல, என்ன?"

தலையாட்டினேன். முன்னறையிலிருந்து நறுக்கென்ற ஓசை வந்தது. "அடேயப்பா!" என்று கண்டக்டர் கத்தினார். அப்பா குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார், எனக்கு என்னவென்று கேட்கவில்லை. என் வாயிலும் நறநறவென்று ஓசை. முதலில் தண்ணீர், அப்புறம் இனிப்பு, விழுங்கப்போகும்போது மூக்கில் ஒரு சுள்.

அதற்குப்பின் அப்பா கேரட் வாங்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் குழாயடியில் கை கழுவினான். கிரீஸ் போகச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டே பக்கத்துத் தழையைப் பார்த்தான். வேலையிலிருந்து வருகிற அண்ணனுக்கு முன்னால் சோப்புத்தூளையே திறந்து வைக்கக்கூடாது, அவ்வளவு பசி. குழாயோர முள்ளங்கி ஒன்று வெளியே வந்தது. குழாயில் காட்டிவிட்டுத் தோளுக்குக் கீழே பல்லாலேயே கடித்து எடுத்தான். மிச்சத்தை மண்ணில் குத்தினான். படியைப் பார்த்தான்.

"ஏ பூனை. ஒண்ணுதான்."

நான் கையை நீட்டினேன். வாயிலிருந்ததைத் தர முடியாது என்பதால் இன்னொன்றைப் பிடுங்கிப் பாதி கொடுத்தான். இப்படி அவன் ஒன்றுதான் என்று சொன்னது அன்றைக்கே இரண்டானது. அடுத்த நாளும் ஒன்றுதான். அதற்கடுத்த நாளும் ஒன்றுதான்.

புதன்கிழமை அம்மா வந்தாள். பாத்தியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "முத்திப்போச்சுன்னா உள்ள பஞ்சு மாதிரி நெட்டி விழுந்துடும்னு விதைக்கடைக்காரர் சொன்னாரே. உள்ள எப்படி இருக்குன்னு தெரியாம அண்ணி தட்டுல எப்படி வைக்கறது? ஒண்ணு அறுத்துப் பாத்துட்டா மனசு அடங்கும்."

நடுவில் குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள். காய் நறுக்குகிற கத்தியால் அறுத்தாள். உள்ளே பால்போல வெள்ளை. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, குழாய்ச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மென்று முடிக்கிறவரைக்கும் திறக்கவில்லை. நான் அவளை அப்படி அதுவரை பார்த்ததில்லை. எங்களுக்குப் பரிமாறிவிட்டு நின்றுகொண்டே சாப்பிடுகிறவள் அவள்.

கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்தாள். வெட்கம் வந்துவிட்டது.

"டெஸ்ட் பண்ணேன்" என்றாள். "இந்தா, பாதி. அப்பாகிட்ட சொல்லிடாத, பொறுக்க முடியாம தின்னுட்டான்னு கேலி பண்ணுவாரு."

தோளை மட்டும் திரும்ப நட்டுவைத்தாள். ஒரு முள்ளங்கி நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று நம்புகிற குணம் அம்மாவுக்கு இல்லை. வியாழனும் டெஸ்ட் பண்ணினாள், அதற்குப்பின் வேளைக்கு வேளை பண்ணினாள்.

எல்லாரும் இடம் பிரித்துக்கொண்டதுபோல ஒருவர் வரிசைக்கு ஒருவர் போகவில்லை. அப்பாவுக்குச் சுவரோரம், சமையலறையிலிருந்து தெரியாது. அண்ணனுக்குக் குழாயோரம். அம்மாவுக்கு நடு. அதனால் யார் கையிலும் வெறும் தழை சிக்கவில்லை. ஒவ்வொருவரும் இத்தனையில் ஒன்றிரண்டு போனால் என்ன என்று நினைத்தார்கள். அம்மா காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியதால் நட்டுவைத்த தழைகள் வாடவும் இல்லை. கீழே சுமை இல்லாத தைரியத்தில் சிலது புதுத் தளிர்கூட விட்டது.

"தழையப் பாருங்க, எப்படி நிக்குதுன்னு" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். "இப்படித் தழை இருந்தா அடியில கெழங்கு எப்படி இருக்கும்!"

அப்பா அவசரமாகப் போய் மெஷினைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தை வந்தாள். சுண்ணாம்பு வாடை தாங்கவில்லையாம், சும்மா இந்தப் பக்கம் வந்தாளாம். அம்மா டீ போடும்போது அத்தை பின்பக்கம் வந்து பாத்தியின் கோடியில் நின்றாள். மூக்கைச் சுளித்துத் தழையைப் பார்த்தாள். பிறகு எதிர்பாராத வேகத்தில் குனிந்து ஒன்றை உருவி, கைக்குட்டையில் துடைத்து, ஒரே கடி. முகம் போன போக்கைப் பார்த்தால் ஊசிப்போனது எதையோ தின்றதுபோல இருந்தது. ஆனால் கை அடுத்த கடிக்குத் தயாராகிவிட்டது. முள்ளங்கி நன்றாக இருந்ததுதான் அவளுக்குக் கசப்பு.

"ஏடி பூனை! நீ இங்கயா இருக்க?"

கையை நீட்டினேன். இதற்குள் எனக்குப் பழகியிருந்தது.

"தீர்ப்பு சொல்றவ முன்கூட்டியே பாத்துவச்சுக்கணும், அதுல தப்பில்ல" என்று பாதியைக் கொடுத்தாள். கடித்த தோளை ஓட்டையில் செருகி, செருப்புக் காலால் மண்ணைத் தள்ளிவிட்டு, டீ குடிக்க உள்ளே போனாள்.

நான் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. ஆனால் வீட்டிலேயே அதிகம் முள்ளங்கி தின்றது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று காலையிலும் அம்மா கடைசியாக ஒரு தடவை டெஸ்ட் பண்ணி எனக்குப் பாதி தந்திருந்தாள். அத்தை முதல்முறையாகப் பை இல்லாமல் வந்தாள். மேசையில் தட்டுகள் வைத்தாயிற்று. முள்ளங்கி வைக்கப் பெரிய கண்ணாடிக் கிண்ணம், நடுவில். அப்பா பேச்சுவாக்கில் சொல்வதுபோல, "கொத்தனார் நாளைக்கு வர்றாரு" என்றார். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். எல்லாரும் போனோம்.

குழாயோரத் தழை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து அம்மா பலமாக இழுத்தாள். இழுத்த வேகத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கையில் தழையும் ஒரு ரோஸ் தொப்பியும் மட்டும் இருந்தன.

"இது ஏதோ பூச்சி" என்றாள்.

அடுத்தது. அதுவும் தொப்பி. அண்ணன் மேகத்தைப் பார்த்தான். அம்மா நகர்ந்து சுவரோரம் போனாள். தொப்பி. தொப்பி. தொப்பி. அப்பாவின் முகத்தில் வெற்றிக்களை வந்திருக்கவேண்டும், வரவில்லை. அவர் ஓரத்தில் சிலதுதான் எடுத்திருந்தார், தொப்பிகள் பாத்தி முழுவதும் வந்துகொண்டிருந்தன. நடு வரிசையை அம்மா தயங்கித் தயங்கித்தான் தொட்டாள். அங்கேயும் அதே கதை. கூடை தழையால் நிரம்பிவிட்டது. ஒரு கிழங்கு இல்லை.

அம்மா மண்ணில் உட்கார்ந்தபடியே இருந்தாள். "ஒண்ணு... ஒண்ணுகூடவா இல்ல?"

அத்தை ஒருமுறை வாயைத் திறந்து மூடினாள். விளையவில்லை என்று தீர்ப்புச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை; விளைந்தது என்றால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப... கொத்தனார்..." என்று இழுத்தார். அந்தக் குரலில் சிமெண்ட் போடுகிற தெம்பே இல்லை.

"உள்ள யாரும் இல்லையா? ஆளே இல்லாம வண்டி நிக்குதே!"

கண்டக்டர். முன்னறையில் யாரையும் காணாமல் குரல் கொடுத்துக்கொண்டே பின்பக்கம் வரைக்கும் வந்துவிட்டார். கீழ் செட் லேசாக உரசுகிறதாம். அதைச் சொல்ல ஆரம்பித்தவர் பாத்தியைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

"அடடே, இதுதானா அந்தத் தோட்டம்? அம்மா, நீங்கதானே வீட்டுக்காரம்மா? கும்பிடணும் உங்கள. அன்னிக்குக் கடிக்கச்சொல்லி ஒரு முள்ளங்கி குடுத்தாரு பாருங்க! பல்லு போன நாள்லேருந்து நான் கடிச்ச மொத சாமான். சத்தம் கேட்டு எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

அப்பா சைகை காட்டினார். கண்டக்டர் சைகைக்கு நிற்கிற வண்டி இல்லை.

"எந்தக் கடையில வாங்குனீங்கன்னு கேட்டேன். கடையா? என் வீட்டுக்காரி போட்டது, அவ கை பட்டா கல்லும் கெழங்கு வைக்கும்னாரு. எனக்குப் பின்னாடி வந்தவருக்கும் அதத்தான் சொன்னாராம். அவரும் கடிச்சாராம். உங்க முள்ளங்கியக் கடிக்காம இந்தத் தெருவுல யாருக்கும் பல்லு வரல போங்க."

அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். திட்டுவதா சிரிப்பதா என்று அவள் முகத்துக்கே தெரியவில்லை.

"கல்லும் கெழங்கு வைக்குமா?"

"வியாபாரத்துக்குச் சொல்றதுதான்..." என்றார் அப்பா. "நான் எடுத்தது கொஞ்சம்தான். சத்தியமா. சுவத்தோரம் மட்டும். நான் மட்டுமா? இங்க பாரு."

கூடையிலிருந்து தொப்பிகளை எடுத்துக் கழுவிப் படியில் பரப்பினார். சட்டைப்பையிலிருந்து வேலைக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அப்பா பல்லைப் பற்றிப் பேசும்போது வேறு ஆளாகிவிடுவார்.

"இது கத்தி. மெழுகுக் கத்தி. இது நான், ஒத்துக்கறேன். ஆனா இது வெட்டு இல்ல, கடி. மேல் வரிசையில எடது பக்கம் ஒரு பல்லு திரும்பி நிக்குது பாரு. இந்தப் பல்ல நான் சின்ன வயசுலேருந்து பாக்கறேன். கம்பி போட்டுக்கடான்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

அண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

"வாயத் தொறடா" என்றாள் அம்மா.

"ஒண்ணுதாம்மா" என்றான், வாயைத் திறக்காமலே.

"எல்லாம் ஒரே பல்லு!" அப்பாவுக்கு உற்சாகம் பொங்கியது. தன் திருட்டே மறந்துவிட்டது. "இது அவன். இதுவும் அவன். இது..."

கோடியிலிருந்து வந்த தொப்பி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது அழகான கடி. ஒரு பல்லு முன்ன பின்ன இல்ல. வரிசை சுத்தம். இது பொறவிப் பல்லே இல்ல, இது நான் செஞ்ச..."

அங்கேயே நிறுத்திவிட்டார். கண்ணாடிக்கு மேலாக அவர் பார்வை தன்னையறியாமல் அத்தைப் பக்கம் போய், பயந்து திரும்பி வந்தது.

அத்தைக்கு மேல் வரிசை செட் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. தம்பிக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இத்தனை வயதுக்கு ஒரு பல்லும் ஆடவில்லை, எல்லாம் என் தோட்டத்துக் காய்தான் காரணம் என்று அவள் மேசைக்கு மேசை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னடா பாக்கற?" என்றாள் அத்தை. குரல் உடைந்திருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. இது... எலியா இருக்கும்."

"செட் போட்ட எலியா?" என்றான் அண்ணன்.

கண்டக்டருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "அட, நீங்களும் நம்ம வண்டிதானா? மேலயா, கீழயா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஆனாலும் விடவில்லை. படியில் பாதிக்கு மேல் தொப்பிகள் இன்னும் பேர் இல்லாமல் கிடந்தன. அப்பா ஒன்றை எடுத்தார். "இது காய் நறுக்கற கத்தி. நேர் வெட்டு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஏகப்பட்டது இருக்கு. யாரு இது?"

மிச்சமிருந்தது ஒரே ஆள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நம்ம பூனையா?" என்றாள் அத்தை, தன்மேலிருந்து பேச்சு நகர்ந்த நிம்மதியில். "இருக்கும் இருக்கும். பேசாத பிள்ளதான் பெரிய வேல பாக்கும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூடையைப் பார்த்தாள். எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. வாயைத் திறந்தேன். காலையில் தின்ற பாதி, அதற்கு முந்தின பாதி, அந்த வாரத்துப் பாதி எல்லாம் ஒன்றுசேர்ந்து ஏப்பமாக வந்தது. நீளமான ஏப்பம். முள்ளங்கி ஏப்பத்துக்குச் சாட்சி தேவையில்லை. கண்டக்டரே ஒரு அடி தள்ளி நின்றார்.

"பாத்தியா! பாத்தியா!" என்று அண்ணன் குதித்தான். "கையும் களவுமா மாட்டிக்கிச்சு!"

எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் அம்மா வெடித்துச் சிரித்தாள். மண்ணில் உட்கார்ந்தபடியே, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அவள விடுங்க. அது நான்தான்."

"நீயா?" அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமா, நான்தான். மொதல்ல டெஸ்ட்தான் பண்ணேன். அப்புறம் டெஸ்டெல்லாம் ஒண்ணுமில்ல. ஆசையா இருந்துச்சு, தின்னேன். என் வாழ்க்கையில நான் போட்டு ஒண்ணு வெளஞ்சிருக்கு. மத்தவங்க தட்டுக்குப் போறதுக்கு முந்தி என் வாய்க்குப் போகக்கூடாதா?" எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா தட்டுல வரணும்னுதான் பேச்சு. வரல. அண்ணி, நீங்க சொல்லுங்க. சொல்றபடி கேட்டுக்கறேன்."

அத்தை படியில் பரப்பியிருந்த தொப்பிகளைப் பார்த்தாள். அதில் தன்னுடையது எது என்று அவளுக்குத் தெரியும்; எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைக் காலால் மெல்ல ஓரம் தள்ளினாள்.

"வெளஞ்சுது" என்றாள். "நல்லா வெளஞ்சுது. என் மாடியில வர்றதவிடக் காரம் எறங்கியிருக்கு. அதச் சொல்ல எனக்கு வயிறு எரியுது, ஆனா அதான் நெசம்."

"தட்டுல வரலயேக்கா" என்றார் அப்பா, சும்மா கேட்டுவைத்தார்.

"தட்டு வரைக்கும் விட்டீங்களாடா?"

அதோடு தீர்ப்பு முடிந்தது.

முடிந்தபிறகுதான் எல்லாருக்கும் பசி தெரிந்தது. கூடை நிறையத் தழை இருந்தது. அம்மா அதை அலசி, பொடியாக அரிந்து, வெங்காயத்தோடு வதக்கினாள். கண்ணாடிக் கிண்ணத்தில் அதுதான் வந்தது. கண்டக்டரும் உட்கார்ந்து சாப்பிட்டார். கீழ் செட் உரசுவதையே மறந்துவிட்டார். அத்தை இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். "கொஞ்சம் கசக்குது" என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கொத்தனார் சிமெண்டோடு வந்தார். வந்தவரைத் திருப்பியனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. சுவரோரம் குவித்திருந்த தாடைகளைக் காட்டி, பாத்தியைச் சுற்றி வரப்பு மாதிரி பதித்துத் தரச்சொன்னாள். அவர் முதலில் பேய் வீடு என்று நினைத்தார். பிறகு ரசித்து ரசித்துப் பதித்தார். பாலிஷ் மெஷின் நடு அறையில் அண்ணனின் டயர்கள் இருந்த மூலைக்குப் போனது. டயர்கள் அண்ணனின் கட்டிலுக்கு அடியில் போயின. அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அம்மா அந்தத் திரும்பின பல்லைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

இப்போது புதுப் பாத்தியில் மறுபடியும் தோள்கள் எட்டிப் பார்க்கின்றன. சுற்றிலும் மண்ணிலிருந்து தாடைகள் சிரித்துக்கொண்டு காவல் இருக்கின்றன. அது போதாதென்று அம்மா என்னையும் காவல் வைத்திருக்கிறாள்.

"யாரு வந்தாலும் எங்கிட்ட சொல்லணும். நீதான் நம்பகமான ஆளு" என்றாள். போகும்போது திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நான் வந்தா மட்டும் சொல்ல வேண்டாம்" என்றாள்.

காலையில் அப்பா கேரட் தீர்ந்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே இந்தப் பக்கம் ஒரு நடை வந்துபோனார். அண்ணன் இப்போதெல்லாம் நாளுக்கு எத்தனையோ தடவை கை கழுவுகிறான். அத்தைக்கு வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் ஏதோ வேலை இருக்கிறதாம்.

நான் படியில் உட்கார்ந்து பல் பிரித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்தத் தடவை பாதிக்கு ஒத்துக்கொள்வதாக இல்லை.